ஒட்டுப்பால் அண்ணன் அடுக்கிய நூலகம்

நூலகத் தொழிலில் என்னென்ன செய்யக்கூடாது என்று பாடம் நடத்துகிறார்களோ, அத்தனையையும் ஒரே ஆள் செய்து, அத்தனைக்கும் ஒரு நியாயமும் வைத்திருந்தார் என்றால், மலேசியாவின் பேரா மாநிலம் முழுக்கத் தேடினாலும் அது ஒட்டுப்பால் அண்ணன் ஒருவர்தான். மற்றவர்கள் தெரியாமல் தப்பு செய்வார்கள். இவர் நம்மிடம் கேட்டு, நன்றாகத் தெரிந்துகொண்டு, இரண்டு நாள் யோசித்து, அதன் பிறகு தப்பு செய்வார்.

எனக்கு நயமாக எழுத வராது. ஈப்போவில் ஒரு பொது நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்தவரை "சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போட்டே என் தொண்டை கெட்டது. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த மனிதர் என்னைப் படுத்திய பாட்டை என் மாமியார்கூடப் படுத்தியதில்லை.

ரப்பர் மரத்தில் பால் வடிந்து முடிந்த பிறகு, வெட்டிய கோட்டிலும் கோப்பையிலும் கொஞ்சம் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தோட்டத்தில் ஒட்டுப்பால் என்று பெயர். இழுத்துப் பிய்த்தால்தான் வரும். கையில் பட்டால் வாடை லேசில் போகாது. அண்ணனோடு ஒரு முறை வாக்குவாதம் செய்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. சொந்தப் பெயர் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை செய்தவர் அவர். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, வீடுகள் கட்டியபோது குடும்பத்தோடு ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்தார். காலையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். மாலையில், ஒரு சங்க மண்டபத்தின் பின்னறையில் இருந்த வாசகசாலையைத் திறப்பார். சம்பளம் கிடையாது. சாவி மட்டும் அவரிடம். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் நூலகர் என்பது நம் சங்கங்களில் எழுதாத சட்டம்.

அந்த அறையில் இருந்த புத்தகங்களை அவர்தான் சேர்த்தார். முன்பெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு வாசகசாலை இருந்தது. கோயிலை ஒட்டியோ பாலர் பள்ளியை ஒட்டியோ ஒரு சின்ன அறை, இரண்டு அலமாரி. தோட்டம் மூடப்படும்போது ஆட்கள் சாமி படத்தை எடுத்துக்கொள்வார்கள், கோழியை எடுத்துக்கொள்வார்கள். புத்தகம் அங்கேயே கிடக்கும். ஏதாவது ஒரு தோட்டம் மூடுகிறது என்று காதில் விழுந்தால் போதும், அண்ணன் மோட்டார் சைக்கிளில் உரச்சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது சாக்கு பின்னால் உட்கார்ந்திருக்கும், ஒரு பெரிய மனிதரை ஏற்றிவருவதுபோல.

இதுவரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கோபம் எல்லாம் அவர் அந்தப் புத்தகங்களை அடுக்கிய விதத்தில்தான்.

உலகத்தில் உள்ள நூலகர்கள் புத்தகத்தைப் பொருள்படி அடுக்குவார்கள். சமயம் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம், சமையல் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. ஒட்டுப்பால் அண்ணன் தோட்டப்படி அடுக்கினார். ஆத்தங்கரைத் தோட்டம் ஓர் அலமாரி. கல்லுமலைத் தோட்டம் ஓர் அலமாரி. பெரிய மானேஜர் தோட்டம், முனியாண்டிக் கோயில் தோட்டம் என்று வரிசையாகப் பலகை எழுதி மாட்டியிருந்தார். எந்தப் புத்தகம் எங்கிருந்து வந்ததோ அந்தத் தோட்டத்து அலமாரியில்தான் இருக்கும். பலகாரம் செய்யும் புத்தகத்துக்குப் பக்கத்தில் பக்திப் பாடல், அதற்குப் பக்கத்தில் கோழி வளர்ப்பு, அதற்குப் பக்கத்தில் கொலைக் கதை.

நான் முதல் தடவை அங்கே போனபோது ஒரு பெண் வந்தாள்.

"அண்ணே, சமையல் புக்கு இருக்கா?"

"இருக்கும்மா. எந்தத் தோட்டம்?"

"நான் இங்க பக்கத்துல சிலிபின் லா, அண்ணே."

"அது இப்ப. அதுக்கு முந்தி?"

"அம்மா ஆத்தங்கரைத் தோட்டம்."

"அப்ப மூணாவது அலமாரி. ஆனா ஆத்தங்கரையில சமையல் புக்கு கெடையாது. அங்க உள்ளவங்க ஜோசியம்தான் படிப்பாங்க. இந்தா, எடுத்துட்டுப் போ."

"எனக்குக் கோழிப் பெரட்டல் செய்யணும்ண்ணே."

"என்னைக்கி செஞ்சா நல்லதுன்னு இதுல போட்டிருக்கும்."

அந்தப் பெண் ஜோசியப் புத்தகத்தோடு போனாள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு குழு இருந்தது. பேராவில் தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சேர்ந்து வாட்சப்பில் தொடங்கியது. பெயரளவில் நிறையப் பேர். காலை வணக்கப் படம் போடுவதோடு அவர்களுடைய நூலகப் பணி முடிந்துவிடும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சிலிபினில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நேரில் கூடுவதாக ஏற்பாடு. ஒழுங்காக வந்தது மூன்றே பேர். நான், ஒட்டுப்பால் அண்ணன், பாரிட் புந்தாரிலிருந்து ரயில் ஏறி வரும் பிலோமினா டீச்சர்.

பிலோமினா டீச்சர் ஒரு பள்ளிக்கூட நூலகத்தைக் கவனித்துக்கொண்டவர். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் முதல் வரிசையில் உட்காருவார். புத்தகங்களுக்கு எண் போடுவதில் அவருக்கு இருந்த ஈடுபாட்டில் பாதி ஜெபத்தில் இருந்திருந்தால் அவரைப் புனிதராக்கியிருப்பார்கள். அவருக்கும் அண்ணனுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் அண்ணன் வராத ஞாயிறுகளில் டீச்சருக்குச் சோறு இறங்காது.

"அண்ணே, ஆள் போயிடுவான், தோட்டம் போயிடும், பொருள் மாறாது. அதனாலதான் பொருள்படி அடுக்கச் சொல்றாங்க" என்பார் டீச்சர்.

"நீங்களே சொல்லிட்டீங்க டீச்சர். தோட்டம் போயிருச்சு. அலமாரியில இருந்தும் போகச் சொல்றீங்களா?"

"இயேசுவே. படிக்க வாரவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

"கேப்பான். வாய் இருக்குல்ல?"

"நீங்க இல்லாத நாள்ல?"

"நான் இல்லாத நாள்ல கதவு பூட்டியிருக்கும். அப்ப எண் போட்டு என்னா பண்றது?"

இப்படி மூன்று மணி நேரம் நடக்கும். ஒரு தடவை கடை முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. சொத்துத் தகராறா? எனக்குத் தெரிஞ்ச லாயர் ஒருத்தர் இருக்காரு" என்றார்.

வாட்சப்பிலும் அண்ணன் விடமாட்டார். எழுத மாட்டார், குரல்பதிவுதான். வேனை நிறுத்திவிட்டு அனுப்பினால் என்ன? ஓட்டிக்கொண்டேதான் அனுப்புவார். அதில் ஹாரன் கேட்கும், பிள்ளைகள் பாடுவது கேட்கும், "டேய், கைய வெளிய நீட்டாத" என்று கேட்கும், கடைசியில் "பூச்சி" என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்கும். அதிலிருந்து இவர் புத்தகப் பூச்சியைப் பற்றிக் கேட்கிறார் என்று நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பூச்சி விவகாரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் முனியாண்டிக் கோயில் தோட்டத்து அலமாரியில் பூச்சி விழுந்துவிட்டது. அட்டையைத் தட்டினால் மாவாகக் கொட்டியது. டீச்சர் அப்போதுதான் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, உறைபெட்டியில் சில நாள் வைத்தால் பூச்சி, முட்டை எல்லாம் செத்துவிடும் என்று குழுவில் சொன்னார். நல்ல யோசனை. பெரிய நூலகங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

அண்ணனுக்குப் புந்தோங் பாசாரில் ஒரு மீன் வியாபாரி நண்பர். அவரிடம் பெரிய உறைபெட்டி இருந்தது. அண்ணன் உரச்சாக்கோடு போய்ப் புத்தகங்களை உள்ளே அடுக்கிவிட்டார். கெம்போங் மீனுக்கும் இறாலுக்கும் நடுவில், அப்படியே, வெறும் புத்தகமாக.

"பிளாஸ்டிக் எங்கண்ணே?" என்று நான் போனில் கத்தினேன்.

"யோசிச்சுப் பாத்தேன் தங்கச்சி. பிளாஸ்டிக்க சுத்திட்டா பூச்சிக்குக் குளிர் எப்படித் தெரியும்? நீ கம்பளி போத்திகிட்டா ஒனக்குக் குளிருமா?"

பூச்சி செத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அலமாரியில் இருந்த பக்தி நூல் முதல் பஞ்சாங்கம் வரை மீன் வாடை ஏறிவிட்டது. மறு வாரம் புந்தோங்கில் இருந்த பூனைகள் எல்லாம் வாசகர்களாகச் சேர்ந்தன. மனிதர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக அந்த வாசகசாலைக்கு வந்ததில்லை. ஒரு கறுப்புப் பூனை கந்தபுராண விளக்கவுரை மேல்தான் தூங்கும், வேறு எதன் மேலும் தூங்காது. அண்ணன் அதை விரட்டவில்லை. "எலி வராதுல்ல" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு.

இன்னொன்று, பசை. புத்தகத்தின் முதுகு பிரிந்தால் அதற்கென்று பசை இருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் மேசையில் அழகாக வைத்துக்கொண்டு, ரப்பர் பால் ஊற்றி ஒட்டினார். சொந்தமாக நாலு மரம் வைத்திருந்த யாரோ ஒருவரிடம் போத்தலில் வாங்கி வருவார். ஒட்டிய புத்தகம் பிரிக்கப் பிரிக்க மூடிக்கொள்ளும். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் டப்பென்று விரலைக் கடிக்கும். ஒரு கிழவர் திருமந்திரம் படிக்கப் போய் மூக்குக் கண்ணாடி உள்ளே மாட்டிக்கொண்டது.

ஆனால் வாசகர்கள் விஷயத்தில் அவரைப்போல் கண்டிப்பானவர் கிடையாது. புந்தோங்கில் முறுக்கும் வறுத்த கடலையும் போடும் வீடுகள் அதிகம். வாசலில் நின்று "கையக் காட்டு" என்பார். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். எண்ணெய் இருந்தால் குழாயடிக்கு அனுப்புவார். சங்கத் தலைவரையே ஒரு முறை அனுப்பினார். எண்ணெய்க் கறை பட்டால் அவருக்குக் கொலை விழுந்த மாதிரி. அதே புத்தகத்தில் பழுப்பாக ரப்பர் பால் கறை இருந்தால் தடவிப் பார்த்துச் சிரிப்பார்.

"இது மட்டும் கறை இல்லையா?" என்று கேட்டேன்.

"இது காலையில பாலுக்கு மரம் வெட்டிட்டு, கையக்கூட சரியா கழுவாம வந்து படிச்ச ஆளு. அந்த முறுக்குக்காரன் பொழுது போகாம வந்தவன். ரெண்டும் ஒண்ணா?"

எங்கள் பெரிய சண்டை பிரதிகளைப் பற்றியது. அவர் அறையில் ஒரே புத்தகம் பல பிரதிகள் இருக்கும். அந்தக் காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் ஒரே தொடர்கதையைத்தான் வாங்கியிருக்கிறார்கள். கண்ணீர்க் கதை ஒன்று, தோட்டத்துக்கு ஒன்றாக எல்லா அலமாரியிலும் உட்கார்ந்திருந்தது. நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். இடம் போதாத எந்த நூலகத்திலும் அதுதான் முறை. டீச்சரும் நானும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றோம்.

அடுத்த ஞாயிறு அண்ணன் அந்தக் கண்ணீர்க் கதையின் எல்லாப் பிரதிகளையும் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். வாழை இலைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே பக்கத்தைப் பிரித்தார். கதாநாயகி கிணற்றடியில் அழுகிற பக்கம்.

"இது ஆத்தங்கரைத் தோட்டம். படிங்க டீச்சர்."

ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "அழாதே தங்கச்சி, இன்னும் பாதிக் கதை இருக்கு."

"இது கல்லுமலை."

"இவளுக்குப் புத்தி இல்லை." அதன் கீழே வேறு கையெழுத்து: "உனக்கு இருக்கா?" அதற்கும் கீழே மூன்றாவது கையெழுத்து: "சண்டை போடாமல் படிக்கவும்."

"இது பெரிய மானேஜர் தோட்டம்."

அந்தப் பக்கமே இல்லை. யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"பாத்தீங்களா? இது ஒரே புக்கா?" என்றார் அண்ணன்.

"புத்தகத்துல கிறுக்கறது குத்தம்ண்ணே. எங்க லைப்ரரியில அபராதம் போடுவோம்" என்றேன். எனக்கு உண்மையாகவே கோபம். இப்போதும் அப்படித்தான். புத்தகத்தில் எழுதுகிறவன் கையை ஒடிக்க வேண்டும். டீச்சர் மட்டும் "சண்டை போடாமல் படிக்கவும்" என்பதை இரண்டு முறை படித்தார்.

பிறகுதான் அந்தத் தலைவர் வந்தார். நான் சொன்னேனே, குழாயடிக்கு அனுப்பப்பட்டவர், அவரேதான். மண்டபத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். பின்னறையை இடித்துக் குளிர்சாதனம் வைத்து, கல்யாணப் பெண்கள் அலங்காரம் செய்துகொள்ளும் அறையாக்கப் போகிறார்களாம். எங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"அண்ணே, இப்ப உள்ள பொண்ணுங்களுக்கு மேக்கப் போட நாலு மணி நேரம் ஆகுது. எடம் இல்லன்னு வேற மண்டபத்துக்குப் போறாங்க."

"புக்கெல்லாம்?"

"தீபாவளிக்கு முந்தி காலி பண்ணிக் குடுங்க. யாரும் எடுக்கலன்னா பேப்பர் லோரிக்காரன்கிட்ட சொல்லிட்டேன், வந்து ஏத்திக்குவான். ஒங்களுக்குத் தூக்கிச் சொமக்குற சூசாவும் கெடையாது."

பேப்பர் லோரியை இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு, பழைய செய்தித்தாள் வாங்கத் தெருத்தெருவாக வரும். அந்தக் குரல் புந்தோங்கில் கேட்டால் அண்ணன் வாசகசாலைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று முறைப்பார். பிள்ளை பிடிக்கிறவன் வந்ததுபோல. அந்த லோரியைத்தான் தலைவர் வரச் சொல்லியிருந்தார்.

அன்று தலைவரை நான் திட்டியதை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். பிலோமினா டீச்சர் திட்டியதை எழுதினால் அவருடைய பாதிரியார் வருத்தப்படுவார்.

திட்டினால் புத்தகம் பிழைக்காது. நான் என் பழைய நூலகத்துக்குப் போய்ப் பேசினேன். எனக்குப் பின் வந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரதி. கிழியாதது, கிறுக்காதது, வாடை இல்லாதது. அது நானே எழுதி வைத்துவிட்டு வந்த விதிதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

டீச்சரும் நானும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தோம். மீன் வாடை அடித்தது இந்தப் பக்கம். விரலைக் கடித்தது இந்தப் பக்கம். கிறுக்கியது இந்தப் பக்கம். மதியத்துக்குள் நூலகம் எடுத்துக்கொள்ளக்கூடிய குவியல் ஒரு சாக்குக்குள் அடங்கிவிடும்போல் இருந்தது. மிச்சம் மலைபோல் கிடந்தது. அண்ணன் அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அங்க கொண்டு போற புக்குல தோட்டத்துப் பேரு போடுவாங்களா?"

"நம்பர்தாண்ணே போடுவாங்க."

"எங்கருந்து வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் எழுந்து, அந்தச் சின்னக் குவியலில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பழையபடி அலமாரிகளில் வைக்க ஆரம்பித்தார். இது ஆத்தங்கரை. இது முனியாண்டிக் கோயில். அட்டையைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

"என்னாண்ணே பண்றீங்க? இதாச்சும் பிழைக்கட்டும்!" என்று கத்தினேன். "பிடிவாதம் புடிச்சா எல்லாமே லோரில போயிரும்!"

"வேணாம் தங்கச்சி."

நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டேன். இந்த ஆளோடு இனிப் பேச்சே இல்லை என்று டீச்சரிடம் சத்தியம் செய்தேன். டீச்சர், "சத்தியமெல்லாம் செய்யாத, பாவம்" என்றார்.

திங்கட்கிழமை காலையிலேயே குழுவில் குரல்பதிவு. இந்தத் தடவை வேனை நிறுத்திவிட்டுத்தான் பேசியிருந்தார், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஆத்தங்கரைத் தோட்டத்து ஆளுங்க எங்க இருந்தாலும் ஞாயித்துக்கெழம காலையில வாசகசாலைக்கு வாங்க. ஒங்க புக்க எரவல் வாங்கிக்கிங்க. திருப்பிக் குடுக்க நாள் கெடையாது. சாக்கு நீங்களே கொண்டாங்க."

அதற்கடுத்து பெரிய மானேஜர் தோட்டத்துக்கு ஒன்று. பிறகு முனியாண்டிக் கோயில் தோட்டம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியாக. அதை யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பினார்கள். என் பல் டாக்டருடைய தாதி எனக்கு அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், சமாதானமாக இல்லை. மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள் நிற்க இடமில்லை. சாக்கு, மீன் பெட்டி, சாமான் கூடை, ஒருவர் தள்ளுவண்டி. அண்ணன் வாசலில் நின்று கையைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார். தன் தோட்டத்துப் பலகை எது என்று கேட்டவரே இல்லை. நேராக அதனடியில் போய் நின்றார்கள். எண் போட்டிருந்தால் அவ்வளவு பேரும் என்னிடம் வந்து கேட்டுக் கழுத்தறுத்திருப்பார்கள்.

உள்ளே ஒரே ரகளை. தடித்த ஒருவர் ஒரு புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இது எங்கப்பா வெத்தலைக் கறை, எனக்குத் தெரியும்" என்றார். அவர் தம்பி, "அப்பா வெத்தலையே போட மாட்டாரு, அது பெரியப்பா" என்று பிடுங்கினார். மீன் வாடைப் புத்தகத்தை எடுத்த அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"என்னாண்ணே, கருவாட்டு வாடை அடிக்குது?"

"அது பாதுகாப்பு வாடைம்மா. பூச்சி கிட்ட வராது. அடுப்பு பக்கத்துல வைக்காத. சாமி வெளக்குக்குக் கீழ வைக்காத, எண்ணெ சொட்டும். நான் வந்து பாப்பேன்."

ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னார். நான் வந்து பாப்பேன்.

நான் அவரைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, ஒரு சேகரிப்பைத் துண்டு துண்டாக் கலைக்கறது எங்க தொழில்ல கொலைக்குச் சமம். தெரியுமா உங்களுக்கு?"

"மொத்தமா ஒரு லோரில போறதுக்கு, ஆளுக்கு ஒரு மோட்டார்ல போகட்டும்" என்றார்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றவருடைய சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன்.

தலைவர் சொன்னபடியே தீபாவளிக்கு முன்பு லோரி வந்தது. ஒலிபெருக்கியைத் தெருமுனையிலேயே கேட்டோம். உள்ளே அலமாரிகள் எல்லாம் காலி, ஒன்றைத் தவிர. கல்லுமலைத் தோட்டம் அப்படியே இருந்தது. அண்ணன் எல்லாப் பக்கமும் சொல்லிவிட்டிருந்தார். ஒருவரும் வரவில்லை. அந்தத் தோட்டம்தான் முதலில் மூடியதாம். ஆட்கள் எங்கெங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் அந்த அலமாரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது அப்படித்தான் நிற்பார்.

"ஒரு அலமாரிதானண்ணே, விடுங்க லா. வேலைக்காரங்க காத்துகிட்டு இருக்காங்க" என்றார் தலைவர்.

"ஆளு வந்துரும். இன்னிக்கி ஒரு நாளு."

"எந்த ஆளு? கல்லுமலையில ஏதுண்ணே ஆளு?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற மனிதர், வெறும் கையை விரித்துக்கொண்டு நின்றார். லோரிக்காரச் சீனர் என்ன நினைத்தாரோ, போய் ஒலிபெருக்கியை நிறுத்தினார்.

"நான் கல்லுமலை" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிலோமினா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பிறந்தது சிலிபின் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு ரப்பர் மரத்தில் எந்தப் பக்கம் பால் வரும் என்றுகூடத் தெரியாது.

அண்ணன் கையை இறக்கினார். என்னை உற்றுப் பார்த்தார்.

"கல்லுமலையில எந்த லயம்?"

அந்த நேரத்திலும் எந்த வரிசை வீடு என்று கேட்கிறார், பாருங்கள். இதனால்தான் எனக்கு இவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"கடைசி லயம்."

"கடைசி லயத்துல எந்தப் பக்கத்து வீடு?"

"அண்ணே! குடுக்கறீங்களா, லோரில ஏத்தவா?"

அவர் அலமாரியை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு, "கையக் காட்டு" என்றார்.

நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு அலமாரியில் இருந்து முதல் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

பின்னறை இப்போது கல்யாணப் பெண்கள் அறையாகிவிட்டது. சுவர் முழுக்கக் கண்ணாடி. முதல் ஞாயிறுகளில் நாங்கள் கூடுவது நின்றுவிட்டது. பேச ஒரு நூலகம் இல்லையே. டீச்சர் முழங்கால் வலியால் பாரிட் புந்தாரை விட்டு அதிகம் நகர்வதில்லை. கடை முதலாளி என்னைப் பார்த்தால், "அக்கா, சொத்து பிரிச்சாச்சா?" என்று கேட்கிறார். பிரித்தாயிற்று என்கிறேன்.

அண்ணன் மட்டும் ஓயவில்லை. பள்ளி விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு வருகிறார். புந்தோங், சிலிபின், அதைத் தாண்டியும். அடுப்பு எங்கே, விளக்கு எங்கே, கை எங்கே என்று ஒரு வீடு விடுவதில்லை.

கல்லுமலைத் தோட்டம் என் வீட்டுக் கூடத்தில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. எண் எதுவும் போடவில்லை, வந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். அவர் வந்த முதல் நாளே குதித்தார். "இவ்வளவு நாளு லைப்ரரியில வேலை செஞ்ச, வெயில் பட்டா தாளு மஞ்சளாப் போகும்னு தெரியாது? எடுத்து உள்ள வையி லா!" சரிண்ணே, நகர்த்துறேன் என்றேன். அடுத்த தடவையும் அதையே சொன்னார். கோப்பியைக் குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் சொன்னார். மாலை ஆகும்வரை போகவில்லை.

வெயில் பட்டால் தாள் மஞ்சளாகும் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிப் போட்டு, வாரம் முழுக்க இழுத்து மூடித்தான் வைத்திருக்கிறேன். தெருமுனையில் அவருடைய மோட்டார் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்த் திறந்துவிடுகிறேன்.